அளவுக்கு ஓர் ஆள்

பிப்ரவரி 1, ஞாயிறு

அன்புள்ள தட்டானுக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் உன் அத்தானும் சமையலறையில் ஒழுகும் குழாயும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, காலில் வந்த கொப்புளம் ஆறியதா என்பதற்கு முதல் இரண்டு வரியிலேயே பதில் எழுதிவிடு. பாறையையும் மேகத்தையும் பற்றி அப்புறம் எழுதலாம்.

நீ அனுப்பிய மூன்று பிலிம் ரோல்களும் புதன்கிழமை பஸ்ஸில் வந்தன. டிரைவர் பொட்டலத்தைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். டிப்போவில் நேரம் எழுதுகிற மனிதரின் மச்சினி என்றால் சும்மாவா. காலையில் பாஸ்போர்ட் படங்களை முடித்துவிட்டு, ஸ்டுடியோவின் முன்கதவைச் சாத்தி, மதியம் முழுக்க இருட்டறையில் உன் பள்ளத்தாக்கோடு இருந்தேன். குன்றைக் குடைந்து வீடு செய்து, எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்பு விட்டுவிட்டுப் போனவர்கள் யாரோ. ஈரப் படங்களைப் பார்த்துவிட்டு அத்தான் கேட்டார்: “ஆளில்லாத வீட்டைப் படம் புடிக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம மாடி போர்ஷன் ஆறு மாசமா காலியாத்தானே கெடக்கு?”

வழிகாட்டியாக வந்திருக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரரை எனக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சுவரின் அடியிலும், அதன் உயரம் பார்க்கிறவருக்குத் தெரிவதற்காக, அளவுக்கு ஓர் ஆளாக அவரை நிறுத்தியிருக்கிறாய். கைகளைத் தொங்கவிட்டு, கேமராவைப் பார்க்காமல், எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நிற்கிறார். உன் படங்களில் பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தவள் சொல்கிறேன், அது லேசில்லை. அவர் ஐந்தடி பத்து அங்குலம் என்று நீ எழுதியதை மேஜைக்கு மேலே குறித்து ஒட்டியிருக்கிறேன். என் ஐந்தடி இரண்டை அடித்துவிட்டேன். ஒவ்வொரு படத்திலும் அவரை முதலில் தேடுகிறேன். அவர் இருந்தால் நீ தனியாக இல்லை.

முட்டி பரவாயில்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

*

பிப்ரவரி 12, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்புளம் ஆறிவிட்டது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இரண்டு வரி முடிந்தது. உன் முட்டியைப் பற்றிக் கேட்க நினைத்தேன், நீயே ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டாய். வலித்தாலும் அதைத்தான் எழுதுவாய். அத்தானுக்கு என் வணக்கம்.

இங்கே வியாழக்கிழமைதான் எங்கள் நாள்காட்டி. கீழே சாலை முடிகிற இடத்தில் ஒரு கடை. அங்கிருந்து அரை மணி நேரம் நடந்தால் ஒரு வளைவு. வளைவிலிருந்து பாறையில் செதுக்கிய படிகள், இருநூற்றுச் சொச்சம். அதன் உச்சியில் எங்கள் கூடாரம். வாரம் ஒருமுறை சரக்குக்காரர் மூட்டையோடும் உன் கடிதத்தோடும் ஏறி வருகிறார், என் ரோலோடு இறங்குகிறார். மேலிருந்து பார்க்கும்போது அவர் வளைவில் ஒரு கடுகாகத் தெரிவார். அப்போதுதான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கும். ஆள் இல்லாத நாளில் அது வெறும் பள்ளம், பத்தடியா ஆயிரம் அடியா என்று கண்ணுக்குத் தெரியாது.

கீழ் வரிசை வீடுகளை முடித்தாயிற்று. இனி மேல் வரிசை. அங்கே ஒரு விளிம்பின் கடைசியில் ஒற்றை வாசல் இருக்கிறது அக்கா, சுற்றிலும் கொடி கொடியாகச் செதுக்கியது. தூரத்திலிருந்து லென்ஸில் பார்த்ததற்கே எனக்கு மூச்சு நின்றது. இதுவரை யாரும் அதைப் படம் எடுத்ததில்லை. தொப்பிக்காரர் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, “மேடம், இது ஆள் போற வழி இல்ல, பல்லி போற வழி” என்றார். வெகுநேரம் சிரித்தேன்.

நீ அவரைப் புகழ்ந்து எழுதியதைப் படித்துக் காட்டினேன். அதிலிருந்து தொப்பியைக் கழற்றுவதே இல்லை.

உன் அன்பான,
தட்டான்

*

பிப்ரவரி 24, செவ்வாய்

அன்புள்ள தட்டானுக்கு,

இங்கே நலம். குழாய்க்கு ஆள் வந்து பார்த்து, ஒழுகுவதை இன்னும் கொஞ்சம் அதிகமாக்கிவிட்டுப் போனார். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

போன வியாழன் அனுப்பிய நாலாவது, ஐந்தாவது ரோல்கள் கிடைத்தன. கூடக் கடிதம் இல்லை, ‘பத்திரமாகக் கழுவு’ என்று ஒரு சீட்டு மட்டும். கழுவினேன். வெளிச்சத்தை நீ இவ்வளவு அழகாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு ரோலிலும் தொப்பிக்காரர் இல்லை. சுவர் அடியில் உன் நீலப் பை நிற்கிறது. ஒரு படத்தில் பை, இன்னொன்றில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் உன் கைத்தடி. எழுபத்திரண்டு படங்களிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன். ஒரு நிழல்கூட இல்லை.

அவருக்கு உடம்பு சரியில்லையா? பைக்கு எத்தனை அங்குலம் என்று நீ எழுதவும் இல்லை. அளவு இல்லாமல் படத்துக்குக் கீழே நான் என்ன எழுதுவது? உன் புத்தகத்தைப் போடும் பதிப்பாளர் கேட்பார். அதற்காகத்தான் கேட்கிறேன்.

கவலையோடு என்று எழுதினால் நீ திட்டுவாய். ஆகவே, அன்போடு,
அக்கா

*

மார்ச் 5, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். குழாய்க்கு என் அனுதாபம்.

பை இருபத்தைந்து அங்குலம். இனி எழுதிவிடுகிறேன்.

இங்கே காலையில் பனி இறங்குகிறது. தேநீர் போட்டு வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும். கூடாரத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் ஓணான் குடியிருக்கிறது. கழுத்தைத் தூக்கித் தூக்கி என்னை மேற்பார்வை பார்க்கிறது, நம் பழைய தலைமையாசிரியை மாதிரி. போன வாரம் எங்கோ பாறை சரிந்து கடையின் போன் கம்பி அறுந்துவிட்டதாம். கட்டுவதற்கு யாரும் வரவில்லை. மதியம் காற்று கிளம்பினால் முக்காலியைக் கல் கட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது. காலை ஏழிலிருந்து எட்டு வரை வருகிற வெளிச்சத்துக்காகத்தான் மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் காத்திருக்கிறேன்.

தொப்பிக்காரர் நலம். சமையல் வேலையில் இருந்துவிட்டார், அதனால் படத்தில் இல்லை. உன்னை விசாரித்தார்.

மேல் வரிசையில் பாதி முடிந்தது. ஏப்ரல் கடைசியில் கிளம்பிவிடுவேன்.

உன் அன்பான,
தட்டான்

*

மார்ச் 14, சனி

அன்புள்ள தட்டானுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்பது வெறும் பேச்சுக்கு எழுதுவது அல்ல.

ஓணானுக்கு நாலு வரி, தொப்பிக்காரருக்கு ஒன்றரை வரி. எண்ணிப் பார்த்தேன். உன் கடிதத்தோடு வந்த ஆறாவது ரோலிலும் பைதான் நிற்கிறது. அவர் காலை ஏழு மணிக்கும் சமைக்கிறாரா?

இருக்கட்டும். பதிப்பாளர் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். புத்தகத்தின் அட்டைக்கு மேல் வரிசையின் அந்த ஒற்றை வாசல் வேண்டுமாம். வாசலில் சிவப்புத் தொப்பியோடு ஆள் நிற்க வேண்டுமாம். பை கூடாது. அட்டையைப் பார்க்கிறவனுக்கு இது மனிதன் குடியிருந்த இடம் என்று தெரிய வேண்டும் அல்லவா? அவரை ஒரே ஒரு தரம் நிற்கச் சொல். அவருக்கு முடியாது என்றால் காரணத்தை எழுது. எதுவானாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று ஒரு குழந்தைக்குப் படம் எடுத்தேன். நேராக உட்கார மறுத்தது. அதன் அம்மா, “ஆடாம இரு, மாமா திட்டுவார்” என்றாள். சுற்றிலும் பார்த்தேன், மாமா யாரும் இல்லை. பயமுறுத்துவதற்கு இல்லாத ஆள் போதும். பயம் போவதற்குத்தான் ஆள் உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது.

எதிர்பார்த்திருக்கும்,
அக்கா

*

மார்ச் 29, ஞாயிறு

தட்டான்,

இரண்டு வியாழன் போய்விட்டது. பஸ் வந்தது, பொட்டலம் வரவில்லை. டிப்போவிலிருந்து வெறுங்கையோடு வருகிற நாளில் அத்தான் சைக்கிள் மணியை அடிக்காமல் வருகிறார். அதிலேயே தெரிந்துவிடுகிறது. ‘நலம்’ என்று ஒரு சொல் எழுதினாலும் போதும். அட்டைப் படம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 2, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு வாரமாக நல்ல வெளிச்சம் இல்லை. ஒரு ரோலாவது முடியட்டும் என்று இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

நீ கேட்ட படம் ஏழாவது ரோலில் பதினெட்டாவது. தொப்பிக்காரர் வாசலில் நிற்கிறார். உனக்கு இப்போது திருப்திதானே? அவரை இனிமேல் தொந்தரவு செய்ய வேண்டாம். கூச்சப்படுகிற ஆள்.

மேல் வரிசையின் அளவுகளை எல்லாம் டேப் வைத்து எடுத்து, நோட்டுப் பக்கத்தைக் கிழித்து ரோல் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். படங்களுக்குக் கீழே எழுத உதவும்.

கை கொஞ்சம் சிராய்த்திருக்கிறது, அதனால்தான் எழுத்து கோணல். பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தானிடம் சைக்கிள் மணியை அடிக்கச் சொல்.

தட்டான்

*

ஏப்ரல் 6, திங்கள்

அன்புள்ள தட்டானுக்கு,

சனிக்கிழமை உன் பொட்டலம் வந்தபோது சைக்கிள் மணி தெருமுனையிலிருந்தே கேட்டது. நாங்கள் நலம். இந்த நாலு வாரத்தில் இன்றுதான் அந்தச் சொல்லை முழுமனதோடு எழுதுகிறேன். கைக்கு மருந்து போட்டாயா?

பதினெட்டாவது படம் தட்டில் மெல்ல மேலே வந்தபோது முதலில் தெரிந்தது தொப்பிதான். கருப்பு வெள்ளையில் அது சாம்பல் நிறப் பொட்டு, ஆனாலும் எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன். தேவையில்லாமல் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். அவரிடம் என் நன்றியைச் சொல்.

வாசல் அற்புதம். அளவு போட்டுப் பார்த்தேன். ஆளைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். ஐந்தடி பத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்பது அடி வருகிறது. அத்தான், “அந்தக் காலத்து ஆளுங்க அவ்வளவு உசரமா?” என்றார்.

இன்று காலை பதிப்பாளரிடம் காட்டினேன். துள்ளிவிட்டார். இதுதான் அட்டை என்கிறார். ஒரே ஒரு குறை, ஆள் லேசாக அசைந்திருக்கிறார், விளிம்பு கலங்கித் தெரிகிறது. முடிந்தால் இன்னொன்று, ஆடாமல் நிற்கச் சொல்லி எடு. இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் கடைக்கு வந்துவிடும், வியாழன் உன் கையில்.

நிம்மதியோடு,
அக்கா

*

ஏப்ரல் 8, புதன்

தட்டான்,

என் போன கடிதத்தைப் படித்திருந்தால் மறந்துவிடு. அந்த விளிம்புக்குப் போகாதே. இதைத்தான் முதலில் எழுத வேண்டும். நலமெல்லாம் அப்புறம்.

இன்று படங்களுக்குக் கீழே எழுத உட்கார்ந்து, அப்போதுதான் டப்பாவுக்குள்ளிருந்து உன் நோட்டுப் பக்கத்தை எடுத்தேன். ‘ஒற்றை வாசல், உயரம் எட்டடி, டேப்.’ என் கணக்கில் ஒன்பது. நீ டேப்பைத் தப்பாகப் படிக்கிறவள் அல்ல. என் அடிக்கோலும் தப்பாது. அப்படியென்றால் தவறு ஆளில்தான் இருக்க வேண்டும். கணக்கைத் திருப்பிப் போட்டேன். எட்டடி வாசலுக்கு ஆள் எவ்வளவு உயரம்? ஐந்தடி இரண்டு அங்குலம்.

அது என் உயரம். உன் உயரம். ஒரே துணியை மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போன உயரம்.

நெகட்டிவைத் திரும்ப என்லார்ஜரில் வைத்து, தொப்பியை மட்டும் ஒரு தாள் அளவுக்குப் பெரிதாக்கினேன். பிறகு கால்களை. இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறப் போகிறது. தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அப்படித்தான் நிற்பாய். இருபது வருஷமாக நீ கேமராவுக்குப் பின்னால் இருந்தாய், உன்னை ஒரு படத்திலும் பார்த்ததில்லை. எவ்வளவு இளைத்துவிட்டாய்.

எல்லாவற்றிலும் பொய் சொன்னாய், அளவில் மட்டும் உனக்குப் பொய் வரவில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு வரி: விளிம்பு, நீளம் நாற்பது அடி, அகலம் ஒன்றே முக்கால் அடி. கேமரா இந்த முனையில், வாசல் அந்த முனையில். டைமரை அமுக்கினால் கேமரா தானாகப் படம் எடுக்கப் பத்து விநாடி. சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நாற்பதடிக்கு ஒன்றே முக்கால் அடியில் இரண்டு கோடு போட்டேன். எதிர்வீட்டு அம்மா, “என்னங்க, பாண்டி ஆடப் போறீங்களா?” என்று கேட்டார். பத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். மூன்று தரம் கோட்டுக்கு வெளியே கால் வைத்தேன். தெருவில் வெளியே என்றால் தெருதான்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதம் பதிப்பாளர் அட்டைப் படம் எதுவும் கேட்கவில்லை. நான் கட்டிய கதை அது. தொப்பிக்காரர் உன்னோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும், நேராகக் கேட்டால் நீ மழுப்புவாய், அதனால் ஒரு பொறி வைத்தேன். அந்தப் பொறிக்காக நீ விளிம்பில் ஓடியிருக்கிறாய். கை சிராய்த்தது அங்கேதானா? அது போதாது என்று ‘ஆடாமல் நிற்கச் சொல்’ என்று திங்களன்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கடை போனை முப்பது தரம் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லை. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கடைக்கு வரும், வியாழன் போன பிறகு. கடைக்கார அம்மாவுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், யார் மூலமாவது உடனே மேலே அனுப்பும்படி.

போகாதே. அந்தப் படம் எனக்கு வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 9, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

சரக்குக்காரர் சந்தைக்குப் போகும் அவசரத்தில் நிற்கிறார், அதனால் நாலு வரி. உன் திங்கட்கிழமைக் கடிதம் கிடைத்தது. நீ நிம்மதியாக இருப்பது எனக்கும் நிம்மதி. ஆள் அசைந்தது உண்மைதான், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் இன்னொன்று எடுக்கிறோம். இந்த முறை ஆடாமல் நிற்பார்.

தட்டான்

*

ஏப்ரல் 10, வெள்ளி

ஸ்டுடியோ அக்காவுக்குக் கடைக்காரம்மா எழுதிக்கிறது. நல்லா இருக்கீங்களா. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

உங்க கவர் இன்னிக்கு மத்தியானம் பஸ்ஸுல வந்துச்சு. சீட்டைப் படிச்சதும் கையும் ஓடல காலும் ஓடல. சரக்குக்காரர் நேத்து இறங்கினதுமே சந்தைக்குப் போயிட்டாரு, அடுத்த வியாழன்தான் ஏறுவாரு. என் முதுகுக்கு இருபது படியே அதிகம். வேற ஆளைக் கேட்டா, மேல கூடாரம் வரைக்கும் தனியா ஏற யாரும் தயாரா இல்ல.

உங்க கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். தொப்பிக்காரர் பிப்ரவரி மாசமே இறங்கி வந்துட்டாரு. அந்த விளிம்புல கால் வெச்சுப் பாத்திருக்காரு, கல்லு ஆடியிருக்கு. “எனக்குப் பயமா இருக்கு மேடம், நான் வரல, நீங்களும் போகாதீங்க”ன்னு சொல்லியிருக்காரு. உங்க தங்கச்சி, பயந்தவரு எதுக்கு வழி காட்ட வந்தீங்கன்னு கேட்டுட்டாங்களாம். மனசு கேக்காம தொப்பிய அங்கேயே வெச்சுட்டு வந்திருக்காரு. ஏன்யா வெயில்ல வெறுந்தலையா வர்றேன்னு கேட்டேன். “அவங்க அக்கா படத்துல தேடுவாங்களாம், அங்கேயே இருக்கட்டும்”னாரு.

இப்ப வேற ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கத்துக் குன்றுக்குப் போயிருக்காரு. செவ்வாய் வந்துருவாரு. வந்ததும் உங்க கவரைக் கையில குடுத்து ஏத்தி விட்டுடறேன். மனச விட்டுடாதீங்க.

கடைக்காரம்மா

*

ஏப்ரல் 16, வியாழன் காலை
கீழே, கடையிலிருந்து

தட்டான்,

நான் கடையில் இருக்கிறேன். ஆமாம், இந்தப் பள்ளத்தாக்கின் கடையில். கண் முன்னால் உப்பு மூட்டையும் சோப்பு அட்டைகளும். கடைக்காரம்மா இரண்டாவது தேநீரை வைத்துவிட்டு நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உன் நாலு வரி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கைக்கு வந்தது. நீ எழுதியிருந்த வெளிச்சம் அப்போது போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கு மேல் ஸ்டுடியோவில் உட்கார என்னால் முடியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ‘ஆடாமல் இருங்கள்’ என்று சொல்ல வேண்டிய தொழில் என்னுடையது. அந்தச் சொல் வாயில் வரவில்லை. திங்களன்று கடைக்காரம்மாவின் கடிதம் வந்ததும் அத்தான் டிப்போவுக்குப் போய் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தார். வழியெல்லாம், நீ இல்லாமல் போயிருந்தால் அந்தச் செய்தியை யார் என்னிடம் சொல்வார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நேற்று மாலை இங்கே இறங்கினேன். தொப்பிக்காரரும் நேற்றுத்தான் திரும்பியிருந்தார். உன்னைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவரும் சரக்குக்காரரும் இப்போது ஏறுகிறார்கள். என் முட்டிக்குப் படி ஆகாது. வளைவு வரை வேண்டுமானால் வர முடியும். அதனால் என் பங்குக்கு இந்தக் கடிதம்.

ஒன்பது வருஷமாக நாம் பேசாத ஒன்றை எழுதிவிடுகிறேன். அந்தக் கோட்டைச் சுவரில் நான் அளவுக்கு நின்றபோது நீ கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே, “இடப்பக்கம் ஓர் அடி” என்றாய். நகர்ந்தேன், விழுந்தேன். அன்றிலிருந்து நீ எந்த ஆளையும் நகரச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இடப்பக்கத்துக் கல் ஆடும் என்று எனக்கு முன்பே தெரியும். ஏறும்போதே மிதித்துப் பார்த்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அங்கிருந்தே கத்தியிருக்கலாம். படம் கெட்டுவிடுமே என்று சொல்லாமல் கால் வைத்தேன். இதை உன்னிடம் சொல்லாமலே ஒன்பது வருஷம் ‘முட்டி பரவாயில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

‘எனக்குப் பயமா இருக்கு’ என்று தொப்பிக்காரர் உன்னிடம் சொன்னார் பார், அதை நம் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீ இருக்கிறாய் என்றால் ஒரு வரி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 16, வியாழன் மாலை

அக்கா,

இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை போனேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு டைமரை அமுக்கினேன். பாதி தூரத்தில் காலுக்குக் கீழே ஒரு கல் ஆடியது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் கேமரா க்ளிக் என்றது. அதன் பிறகு எனக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் என் தோளிலிருந்து முழங்காலுக்கு இறங்கி, அப்புறம் விளிம்பை விட்டே போனது. பிறகு உட்கார்ந்து, குழந்தை நகர்வது மாதிரி நகர்ந்து திரும்பினேன். முதல் தடவை கை சிராய்த்தது சும்மா வழுக்கியதில். அப்போது எனக்குப் பயமில்லை. இப்போது பயம் போகவே மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டினேன், கீழே இறங்கி உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று. படியின் உச்சியில் நின்றேன். தினமும் குதித்து இறங்கிய படி. முதல் படியில் காலை வைக்க முடியவில்லை அக்கா. திங்கள், செவ்வாய், புதன், தினமும் காலையில் போய் நின்றேன். கீழே பார்த்தால் வெறும் பள்ளம், எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை. மாவும் அரிசியும் நேற்றோடு சரி.

இன்று தொப்பிக்காரர் மேலே வந்தார். தொப்பி என் தலையில்தான் இருந்தது, ஐந்து நாளாகக் கழற்றவில்லை. பயந்தவர் எதற்கு வந்தீர்கள் என்று அன்று நான் அவரைக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையை நீட்டினார். தொப்பியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, “கயிறு கொண்டாந்திருக்கேன் மேடம். நாளைக்கு நான் முன்னால போறேன், நீங்க என் தோளைப் பாத்து வாங்க” என்றார். அவர் தோளைத் தாண்டி என் கண் கீழேதான் போகும். அது எனக்குத் தெரியும்.

உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஆடுகிற கல்லைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாளை கீழே வந்து உன்னிடம் சண்டை போடுவதற்கு எனக்கு அது ஒன்று போதும்.

சரக்குக்காரர் இறங்கப் போகிறார். ஒரே ஒரு உதவி. நாளைக் காலை ஏழு மணிக்கு வெயில் படியில் விழும். அதற்கு முன்னால் நீ வளைவுக்கு வந்துவிடு. கைகளைத் தொங்கவிட்டு, மேலே பார்க்காமல், எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நில். தொப்பி, குடை எதுவும் வேண்டாம். உன்னை உன் ஐந்தடி இரண்டு அங்குலத்தோடு நான் பார்க்க வேண்டும். நீ எவ்வளவு சின்னதாகத் தெரிகிறாய் என்று பார்த்தால் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுவிடுவேன். தூரம் தெரிந்துவிட்டால் கால் வைத்துவிடுவேன்.

நான் இடம் வலம் எதுவும் சொல்ல மாட்டேன். நீயும் நகராதே.

தட்டான்